ஏழில் பாடும், இரண்டில் கேட்கும்

சோலைராஜுக்கு ஊர் எப்போதும்வென்றான் கிராமத்துக்கு மேற்கே, காட்டுக்குள். ஆடு வளர்க்கிற குடும்பம். அண்ணன் தங்கசாமி பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல் ஆட்டுக்குப் பின்னால் போனான். தம்பி சோலைராஜ் ஆட்டுப் பக்கம் போகாமல் கோவில்பட்டிக்கு வந்து ஐ.டி.ஐ. படித்தான். படித்த கையோடு ஷேக் தாவூது நடத்திய மைக் செட் கடையில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தான். கச்சேரிகளுக்குச் செட்டோடு போய், மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயருக்குக் காவல் இருப்பதும் அவன் வேலைதான். அப்படி இருந்தவன் கிட்டார்க்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு பழைய கிட்டாரை வாங்கித் தட்டுத்தடுமாறிப் பழகினான். ஐந்தாவது வருஷம் மேடைக்கு மேலேயே ஏறிவிட்டான். அதற்கப்புறம் பதினோரு வருஷம், கயத்தாறிலிருந்து விளாத்திகுளம் வரைக்கும் அவன் வாசிக்காத கோயில் கொடை விழா கிடையாது. மேடையில் அவனுக்கு ஒதுக்கின இடம் ஓரம்தான். இடது தோளை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி நிற்கும்.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. கடம்பூர்ப் பெண், மாரிசெல்வி என்று பேர். கொடை சீசன் முழுக்க வீட்டில் தனியாகக் கிடக்க அவளால் முடியவில்லை. இரண்டாம் வருஷம் பங்குனியில் அம்மா வீட்டுக்குப் போனவள், இனி வரவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். சண்டையும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. அவன் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். மூன்றாம் தடவை போகவில்லை.

தொண்ணூற்றைந்தில் அவன் வாசித்த குழுவின் பாட்டுக்காரர் சென்னைக்குக் குடிபோனார். அதோடு கச்சேரிக் குழுவும் கலைந்தது. சோலைராஜ் மறுபடியும் கடை ரிப்பேர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். மந்தித்தோப்பு ரோட்டில் ஒட்டினாற்போல் ஆறு வீடு கொண்ட லைனில் ஐந்தாவது வீடு அவனுடையது. வாடகை வீடுதான். அதில் ஒரு கட்டில், ஒரு கரண்ட் அடுப்பு, கிட்டார், கடையில் ஒதுக்கிப் போட்டதிலிருந்து எடுத்து வந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர்.

அந்த ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐம்பது வாட்ஸ். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் கூம்பு ஸ்பீக்கரை அலற விட்டது. டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்தபிறகு அதைத் தூக்கிச் சுமக்க ஆளில்லை. சோலைராஜ் அதைக் கிட்டாருக்குத் தோதாக மாற்றி வைத்திருந்தான். அதற்கு ஒரு குணம் உண்டு. சத்தக் குமிழை இரண்டிலோ மூன்றிலோ வைத்தால், தகரத்தைச் சுண்டின மாதிரி வறட்டு ஒலிதான் வரும். ஏழைத் தாண்டினால்தான் வால்வுகள் முழு மூச்சில் வேலை செய்யும். அப்போது ஒலி தடித்து, லேசாகக் கரகரத்து, மீட்டின கம்பி மனுஷக் குரல் மாதிரி நின்று இழுக்கும். அந்தக் குரலுக்காகத்தான் அவன் அதை வைத்திருந்தான். ஆனால் ஏழில் வைத்தால் ரோட்டு முக்கு டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மைக் செட் கடைக்காரர்களுக்குக் காலையில் ரிப்பேர் இருக்கும், சாயங்காலம் விசேஷ வீடு இருக்கும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை சும்மாதான். அந்த மூன்று மணி நேரம் சோலைராஜ் வாசித்துக்கொண்டிருந்தான். லைனில் மற்றவர்கள் பகலில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. கேட்க ஆளில்லை, கேள்வி கேட்கவும் ஆளில்லை.

தொண்ணூற்றாறு ஆடியில் அந்தக் கடைசி வீட்டுக்கு ராதாமணி குடிவந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயசுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. பிள்ளை இல்லை. பிரசவ வார்டில் ராத்திரி டூட்டியை அவளாகவே கேட்டு வாங்கிக்கொள்வாள் என்றும், வீட்டில் தனியாகப் படுத்திருப்பதற்கு வார்டில் விழித்திருப்பது தேவலை என்று சொல்வாள் என்றும் சோலைராஜ் பிற்பாடு தெரிந்துகொண்டான். காலை எட்டரைக்கு வருவாள். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால், அவள் அசந்து தூங்குகிற நேரமும் அவன் வாசிக்கிற நேரமும் ஒன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே சிவந்த கண்களோடு அவள் நின்றாள்.

“அண்ணாச்சி, நான் பக்கத்து வீடு. ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து படுத்திருக்கேன். வாசிக்கப்பிடாதுன்னு சொல்லல. கொஞ்சம் மெதுவா வாசிப்பீங்களா?”

“சரி சிஸ்டர்” என்றான். நர்ஸ்களை ஊரே அப்படித்தான் கூப்பிடும். அவனும் கடைசிவரை அப்படியேதான் கூப்பிட்டான்.

உள்ளே வந்து குமிழை இரண்டுக்குத் திருகினான். தகரச் சத்தம். பத்து நிமிஷம் வாசித்துவிட்டுக் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். மறுநாள் ஸ்பீக்கர் பெட்டிமேல் ஜமுக்காளத்தைப் போர்த்திப் பார்த்தான். அதற்கடுத்த நாள் பெட்டியைக் கவிழ்த்துத் தலையணைமேல் வைத்தான். சத்தம் குறைந்தபாடில்லை, குரல் மட்டும் கெட்டது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. வால்வு செட்டை ஸ்பீக்கர் மாட்டாமல் முடுக்கக் கூடாது என்பது கடையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். வருகிற சக்தியை வாங்கிக்கொள்ள ஏதாவது ஒன்று அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் பதிலாக நாலைந்து ரெசிஸ்டரைச் சேர்த்துப் பற்றவைத்து மாட்டி, அதிலிருந்து காதில் வைக்கிற போனுக்குக் கொஞ்சம் எடுத்து, ஏழில் வைத்து வாசித்தான். கண்ணை மூடி லயித்திருந்த நேரத்தில் ரெசிஸ்டர்கள் சூடு தாங்காமல் கருகி அற்றுப்போயின. அவனுக்குத் தெரியவில்லை. வார்னிஷ் கருகுகிற நாற்றம் வந்து கண்ணைத் திறந்தபோது, ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்பார்மரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

மறுநாள் அதைக் கடைக்குத் தூக்கிப்போனான். ஷேக் தாவூது முகர்ந்து பார்த்துவிட்டு அவனையும் பார்த்தார்.

“ஏலே, மாட்டப் பூட்டி வெரட்டிக்கிட்டிருக்கும்போது நொகத்த அத்துவிட்டா என்னாகும்? குப்புறத்தான விழும். இழுக்கதுக்குப் பாரம் வேணும்லா.”

டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்ற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பாரம் என்ற சொல்லே அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் கரண்ட் அடுப்பில் உலை வைத்துவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பின் காயில் கம்பி சிவந்து கிடந்தது. ஆயிரம் வாட்ஸ் சூட்டைத் தாங்குகிற கம்பி, ஐம்பது வாட்ஸைத் தாங்காதா? அன்றைக்கே புதுக் காயில் ஒன்று வாங்கினான். மீட்டரை வைத்து அளந்தால் முழுக்காயிலும் ஐம்பது ஓமுக்குக் கொஞ்சம் மேலே. ஏழில் ஒரு பங்கை வெட்டினால் ஸ்பீக்கருக்கு உண்டான எட்டு ஓமுக்குப் பக்கத்தில் வந்தது. வெட்டின துண்டை உடைந்த அடுப்புக் கல்லின் காடிப் பள்ளத்தில் பதித்து, சுற்றிலும் துளை போட்ட பிஸ்கட் டின்னுக்குள் இறக்கினான். ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் இப்போது ஸ்பீக்கர். ஏழில் வைத்து எவ்வளவு முடுக்கினாலும் அத்தனையும் சூடாக மாறி டின்னுக்குள்ளேயே அடங்கிவிடும்.

அடங்கினால் போதாதே, கேட்கவும் வேண்டும். காயிலின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு மட்டும் எடுத்து, கடையில் சும்மா கிடந்த ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்புக்குக் கொடுத்தான். அதற்குத் தனியாக டின் மூடியிலேயே ஒரு குமிழ், அதற்கப்புறம் ஸ்பீக்கர். இப்படிச் செய்தால் வால்வு செட் தன்பாட்டுக்கு ஏழில் நின்று முழுத் தொண்டையில் பாடும். அந்தப் பாட்டை எவ்வளவு வெளியே விடுவது என்பதைப் பவர் ஆம்ப்பின் குமிழ் பார்த்துக்கொள்ளும். அண்டாவில் பொங்கின பாயசத்தைக் கரண்டியில் எடுத்தாலும் ருசி அதேதான்.

முதல் நாள் அந்தக் குமிழைத் திறந்துகொண்டே போய், இரண்டில் நிறுத்தினான். குரல் சன்னமாக, ஆனால் முழுசாக வந்தது. தடிப்பு இருந்தது, கரகரப்பு இருந்தது, கம்பி நின்று இழுத்தது. ஸ்பீக்கருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஐந்து மணி வரைக்கும் வாசித்தான். டின்னிலிருந்து வந்த வெக்கையில் சட்டை நனைந்துபோனது. இரண்டுக்கு நேராக டின் மூடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பி நின்றவளிடம், நேற்று தொந்தரவாக இருந்ததா என்று கேட்டான். “நேத்தா? நேத்து வாசிச்சீங்களா?” என்றாள். அவனுக்கு அன்றைக்கு ராச்சாப்பாடு கூட இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. கடையில் தாவூதிடம் சொன்னான். அவர் டின்னை எடுத்து வரச் சொல்லி, திறந்து பார்த்து, காயிலை எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ராதாமணியே சொன்னாள். காத்தாடியை நிறுத்திவிட்டுச் சுவரோரம் படுத்தால் கேட்கிறதாம். வார்டில் பார்த்தது, கேட்டது எல்லாம் கண்ணை மூடினால் வருமாம். இது ஓடிக்கொண்டிருந்தால் வருவதில்லையாம். அதனால் காத்தாடியை நிறுத்திவிடுகிறாளாம். கோடையிலும் அப்படித்தானா என்று அவன் கேட்கவில்லை.

அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் இடையில். ஆறேழு வருஷத்தில் உட்கார்ந்து பேசினது கிடையாது. அவள் இஸ்திரிப் பெட்டி கெட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போவாள், அவன் சரிபண்ணி அதே இடத்தில் வைப்பான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை ஜன்னல் கம்பியில் ஒரு காகிதத்தில் பொதிந்து இருக்கும். அவள் வீட்டுக்காரர் லீவில் வருகிற மாதம் அவன் ஒன்றில் வைத்து வாசிப்பான், இல்லாவிட்டால் வாசிக்கவே மாட்டான்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு தடவை கயத்தாறுப் பக்கம் ஒரு கொடைக்குத் திருநெல்வேலியிலிருந்து கச்சேரி வந்திருந்தது. அவர்களுடைய கிட்டார்க்காரருக்குக் கையில் அடி. தாவூது சொல்லிவிட்டதால் சோலைராஜ் போனான். பிஸ்கட் டின்னையும் எடுத்துப் போயிருந்தான். சின்னப் பவர் ஆம்ப்புக்குப் பதிலாகக் கடையின் பெரிய பவர் ஆம்ப்பை மாட்டினான். வீட்டில் இரண்டில் கேட்ட அதே குரல், ஒரு மாற்றமும் இல்லாமல், ஊர் முழுக்க எழுந்து நின்றது. கச்சேரிக்காரர்கள் டின்னைச் சுற்றி நின்று அதிசயமாகப் பார்த்தார்கள். நிரந்தரமாக வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன், சொல்லவே இல்லை. அந்த ஆயிரம் பேரில் ஒருவர் காதுக்காவது இது போயிருக்குமா என்று அவனுக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் கேட்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அது போதும் என்று நினைத்தான்.

இரண்டாயிரத்து இரண்டு கார்த்திகையில் ராதாமணி மறுபடியும் கதவைத் தட்டினாள். தட்டினது அவனுக்குக் கேட்கவில்லை. திறந்திருந்த ஜன்னலில் நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் எழுந்து வந்தான்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. நாலஞ்சு மாசமா சத்தம் கூடிக்கிட்டே வருது. முன்ன மாதிரியும் இல்ல. ஊசிய எடுத்துக் காதுல குத்துத மாதிரி இருக்கு.”

“நான் குமிழத் தொடவே இல்லையே சிஸ்டர்.”

“தொடுதீங்க. உங்களுக்குத் தெரியல. காலையில உங்க குக்கர் விசில் போட்டுக்கிட்டே இருக்கு. நான் சுவத்தத் தட்டுதேன். அதுவும் உங்களுக்குக் கேக்க மாட்டேங்குது. யாரும் கூப்பிட்டா வலது பக்கமாத் திரும்புதீங்க” என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் யாருக்காக மெதுவாக வாசித்தானோ அவளே வந்து குறை சொல்கிறாள் என்று பட்டது. தூக்கம் கெடுகிறது என்றால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே, காதைக் குறை சொல்வானேன்? “இனி வாசிக்கல சிஸ்டர்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். பதினோரு நாள் கிட்டாரைத் தொடவில்லை. மதியம் கடையிலேயே பெஞ்சில் படுத்துக் கிடந்தான்.

பன்னிரண்டாம் நாள் ஊருக்குப் போனான். அண்ணன் வீட்டில் பிள்ளைக்குக் காதுகுத்து. எல்லோரும் பந்தலில் இருந்ததால், பொழுது சாய்வதற்கு முன்னால் ஆட்டுக் கிடையை ஒரு பார்வை பார்த்து வரச் சொல்லி தங்கசாமி அவனை அனுப்பினான். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கரிசல் ஈரம் செருப்பில் அப்பி, அப்பி, நடை கனத்தது. பருத்திக் காட்டுக்கு அந்தப் பக்கம் தரிசில் ஆடுகள் பரந்து நின்றன. கிடைக்கு முன்னால் நடக்கிற முன்னத்தி ஆடுகள் நாலைந்துக்குக் கழுத்தில் வெண்கல மணி உண்டு. சின்ன மணிதான். ஆனால் அரை மைலுக்கு அப்பாலிருந்தே கேட்டு, கிடை எங்கே நிற்கிறது என்று கண்டுகொள்வார்கள்.

அவன் கிட்டத்தில் போய்விட்டான். ஒரு கடா தலையை ஆட்டி ஆட்டி மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் மணி இடமும் வலமும் ஆடினது. ஆடினதுதான் தெரிந்தது. சத்தம் இல்லை. நாக்கு விழுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தான். நாக்கு இருந்தது. கடாவைப் பிடித்து நிறுத்தி, மணியைக் கையில் பிடித்து இடது காதோரம் வைத்து ஆட்டினான். ஒன்றுமே இல்லை. வலது காதுக்கு மாற்றினான். எங்கேயோ தூரத்தில் யாரோ மண்ணுக்குள் வைத்துத் தட்டுவது போல மெல்லிசாகக் கேட்டது. கடா அவனை இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தது. சுற்றிலும் முப்பது நாற்பது ஆடு, காற்று, பருத்திச் செடிகள். எல்லாம் அசைந்துகொண்டிருந்தன. அவன் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, விருந்துக்கும் நிற்காமல் பஸ் ஏறினான்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பார்த்தான். டின்னில் ஆணிக் கீறல் இரண்டுக்கு நேராக இருந்தது. குமிழ் ஆறில் நின்றது. ஒலியின் கூர்மையைக் கூட்டுகிற பக்கத்துக் குமிழ் அதற்குமேல் திருக முடியாத அளவுக்குக் கடைசியில் கிடந்தது. எப்போது திருப்பினோம் என்று அவனுக்கு ஞாபகமே வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை திருப்பியிருப்பான் போல.

மறுநாள் சாயங்காலம் அவள் கிளம்புகிற நேரத்துக்கு வாசலில் நின்றான். “சிஸ்டர், நீங்க சொன்னது சரிதான்” என்றான். அவள் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். திருநெல்வேலியில் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த டாக்டர் என்று எழுதியிருந்தது. சீட்டு பழசாகி மடிப்பில் கிழியப் பார்த்தது. பன்னிரண்டு நாளாகப் பையில் வைத்திருந்திருக்கிறாள்.

அவன் தனியாகத்தான் போனான். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். பாதிக்குமேல் விரலைத் தூக்க வேலையே இல்லை. தாளில் கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியிருந்தது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும், கூர்மையான சத்தம்தான் போய்விட்டது, வருஷக்கணக்காக ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதால் வந்தது, போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். காதில் மெஷின் மாட்டினால் பேச்சு கேட்கும் என்றார். கிட்டார் கேட்குமா என்று இவன் கேட்டான். கேட்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது என்றார். நல்ல மனுஷர், ஒளிக்காமல் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கயத்தாறு தாண்டினதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இவற்றுக்குச் சத்தம் உண்டா, உண்டென்றால் மற்றவர்களுக்குக் கேட்கிறதா என்று யோசித்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கலாம்தான். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டூட்டி இல்லை. மதியம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளும் கத்தரிக்கோலும் கையில் இருந்தன. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். குடிவந்து ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறாள். ஒரு முக்காலியை ஸ்பீக்கருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டு, வாசிக்கச் சொன்னாள்.

அவன் கனத்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை மெதுவாக வாசித்தான். அவள் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கூட்டி, குறைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, மறுபடியும் குறைத்தாள். அவளுக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வருஷம் படுத்திருந்து கேட்டது மட்டும்தான். ஒரு இடத்தில் கையை எடுத்துவிட்டு, “இங்கன இருக்கட்டும். இதான் அது” என்றாள். ஒவ்வொரு குமிழுக்கும் நேராகப் பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி ஒட்டினாள்.

அவனுக்குக் கம்பளிக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டது. மெல்லிய கம்பியில் விரல் அழுந்துவது தெரிந்தது, ஒலி வந்ததா என்பது தெரியவில்லை.

“எப்படி இருக்கு சிஸ்டர்?”

அவள் சொல் தேடினாள். “பிள்ளையத் தூங்கவச்ச பெறவும் தாய் விடாம மொனங்கிக்கிட்டே இருப்பால்லா, தனக்காக. அந்த மாதிரி இருக்கு அண்ணாச்சி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தான். அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனது அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது முக்காலி காலியாக இருந்தது.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அப்படி ஓடினது. அவன் பிளாஸ்திரியைப் பார்த்துக் குமிழை வைப்பான், விரலின் ஞாபகத்தில் வாசிப்பான். எங்கேயாவது சுருதி இறங்கிவிட்டால் சாயங்காலம் அவள் சொல்லிவிட்டுப் போவாள். மூணாவது கம்பி என்னவோ மாதிரி இருக்கு என்பாள். எத்தனையாவது என்பதைக் கூடப் பழகியிருந்தாள். காதுமெஷின் வாங்கினான். கடையில் பேச்சுக்கு அதை மாட்டிக்கொண்டான். வாசிக்கும்போது மாட்டினால் கம்பி எல்லாம் கண்ணாடி உடைகிற மாதிரி இரைந்தது. கழற்றி வைத்துவிட்டான்.

இரண்டாயிரத்து நாலு வைகாசியில் அவள் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார். மதுரையில் அவருக்கு வேலை கிடைத்தது. அவளும் அங்கேயே மாறுதல் வாங்கினாள். நல்ல சேதிதான். அவள் முகத்தில் அத்தனை வருஷம் பார்க்காத தெளிச்சி இருந்தது. சாமான் ஏற்ற சோலைராஜும் கை கொடுத்தான். பீரோவைத் தூக்கும்போது வீட்டுக்காரர் என்னவோ சொன்னார், இவன் தலையை ஆட்டினான். வண்டி கிளம்புவதற்கு முன்னால் அவள் இறங்கி வந்தாள். மெஷின் இருக்கிற காதுப் பக்கமாக நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“விடாம வாசிங்க அண்ணாச்சி. இல்லேன்னா அடுத்து குடிவாரவிய, சத்தமே போடாதவிய வீடுன்னு நெனைச்சிருவாங்க.”

“சரி சிஸ்டர்.”

புரட்டாசியில் ஒருநாள் கடைக்குப் போன் வந்தது. தாவூது அவனிடம் கொடுத்தார். அவள் குரல்தான் என்பது தெரிந்தது, சொல் பிடிபடவில்லை. நாலு தடவை என்ன என்ன என்று கேட்டுவிட்டு, தாவூதிடமே திருப்பிக் கொடுத்தான். அவர் கேட்டுக் கேட்டு உரக்கச் சொன்னார். சௌக்கியமாம், வீடு வசதியாம், நீ வாசிக்கியான்னு கேக்காவ. வாசிக்கிறேன் என்று சொல்லச் சொன்னான். வேறு என்ன சொல்ல என்று தாவூது போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதையெல்லாம் இன்னொருவர் வாயில் கொடுத்து அனுப்ப முடியாது. வேறு ஒன்றும் இல்லை என்றான்.

கடைசி வீட்டுக்கு யாரும் வரவில்லை. இனி எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வாசிக்கலாம். அவனுக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. ஒருநாள் டின்னையும் பவர் ஆம்ப்பையும் கழற்றி வைத்துவிட்டு, வால்வு செட்டை நேராக ஸ்பீக்கரில் மாட்டி ஏழில் வைத்தான். தரை அதிர்ந்தது. நெஞ்சில் குத்தினது. குரல் மட்டும் வரவில்லை. ஐந்தே நிமிஷத்தில் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி மாட்டினான். அதற்கப்புறம் வாசிக்கும்போது வெறுங்காலை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துக்கொள்ளப் பழகினான். கனத்த கம்பிகள் மூன்றும் பாதத்துக்கு வந்து சேரும். மற்ற மூன்றும் வருவதாக எடுத்துக்கொள்வான்.

மறு வருஷம் மாசி மாதம், ஒரு மதியம். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தவன், வெளிச்சம் குறைந்தது போலிருக்க நிமிர்ந்து பார்த்தான். கரண்ட் ஆபீசிலிருந்து மீட்டர் பார்க்கிற ஆள் வாசலில் நின்றார். புதுசாக வந்தவர். மீட்டர் அட்டை கையில் இருந்தது, எழுதி முடித்த மாதிரிதான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. வாய் அசைந்தது. சோலைராஜின் மெஷின் ஜன்னல் திட்டில் கிடந்தது.

“சத்தம் கூடவா இருக்கா சார்? கொறைக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே குமிழுக்குக் கையைக் கொண்டுபோனான்.

அந்த ஆள் அவசரமாகக் கையை ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, நிறுத்து என்கிறாரா என்று இவனுக்குப் புரியவில்லை. கை அப்படியே குமிழ்மேல் நின்றது. அந்த ஆள் அட்டையை ஆணியில் மாட்டினார். பையைத் தோளிலிருந்து இறக்கினார். வெளியே வெயிலைப் பார்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

சோலைராஜ் கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினான். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது படியில் யாரும் இல்லை. மணி நாலுதான் ஆகியிருந்தது. ஐந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.